வங்கதேசம்: காலநிலை மாற்றமும் அரசின் கொள்கையும்

வங்கதேசம் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் கழிமுகத்தில் அமைந்த தாழ்நில நாடு. புயல், வெள்ளம், உவர்நீர் ஊடுருவல் ஆகியவற்றால் பெரிதும் பாதிக்கப்படுகிறது. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேரும், 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேரும் மாண்டனர். 2007 சிதர் புயலில் உயிரிழப்பு சுமார் 3,400. சிதரும் கடும்புயலே என்பதால், இந்தச் சரிவின் பெரும்பங்கு ஆயத்தப் பணியைச் சேரும். 1972இல் செஞ்சிலுவைச் சங்கத் துணையோடு தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் கொடியேற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்து, தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் முகாம்களுக்கு மக்களை அழைத்துச் செல்கின்றனர்.

உயிரைக் காத்த அளவுக்கு நிலம் காக்கப்படவில்லை. 1960களிலிருந்து எழுப்பப்பட்ட கடலோரக் கரைகள் வண்டல் வயலுக்குள் வராமல் தடுத்தன. உள்நிலம் ஆற்றுமட்டத்துக்குக் கீழே தாழ்ந்தது. 2009 அய்லா புயலில் கரை உடைந்த சில இடங்களில் உப்புநீர் வடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. உவர்ப்புக்குக் கங்கையில் இந்தியா கட்டிய பராக்கா தடுப்பணையும் இறால் பண்ணைகளுமே காரணம், காலநிலை அன்று என்பது ஒரு மறுப்பு. அவற்றின் பங்கு உண்மையே. எனினும் உயரும் கடல் அதே பாதிப்பின்மேல் ஏறுவதால், இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். 2009 காலநிலைச் செயல்திட்டம், உள்நாட்டு நிதியில் அமைந்த அறக்கட்டளை நிதியம், 2018இல் ஏற்கப்பட்ட கழிமுகத் திட்டம் 2100 ஆகியன அரசின் முதன்மை ஏற்பாடுகள். உவர் தாங்கும் நெல் வகைகளும் பரப்பப்படுகின்றன. தென்மேற்கில் கரையை வெட்டி, ஓதத்தோடு வண்டலை உள்ளே விட்டு நிலத்தை உயர்த்தும் முறை கூடுதல் நம்பிக்கை தருவது; ஆனால் நீர் நிற்கும் ஆண்டுகளில் விளைச்சலை இழக்கும் உழவருக்கு உரிய இழப்பீடு கிடைத்தால்தான் அது பரவும்.