காற்றை அடைத்த கதை

வில்லியனூர்த் தேர்த் திருவிழாவுக்கோ திருக்காஞ்சி மாசி மகத்துக்கோ போய்வந்தவர்கள் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பார்கள். குழலை மடக்கி, ஈயக் குண்டை வைத்து, மறுபடி நிமிர்த்திச் சுடும் துப்பாக்கி அது. அதற்குள் காற்று சேமித்து வைக்கப்படுவதில்லை. மடக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் அமுங்குகிறது. விசையை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த ஒரு கணத்தில்தான் காற்று அழுந்திக் குண்டை வெளியேற்றுகிறது. காற்றைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி.

இப்போது இளைஞர்கள் விரும்பிக் கேட்பது வேறு வகை. 200 முதல் 300 ‘பார்’ அழுத்தத்தில் முன்கூட்டியே காற்றை நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி. ‘பார்’ என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். நகரத்தில் இருப்பவருக்கு நிரப்பித் தர யாரேனும் கிடைக்கலாம். நெட்டப்பாக்கம் கொம்யூனில், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே கரியமாணிக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? வீட்டில் ஒரு கம்ப்ரசர் வாங்கி வைக்கலாமா, வாங்கினால் எது என்ற கேள்வி அங்கே எழுகிறது. கேள்வி புதிதுபோலத் தோன்றினாலும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. ஒரு பேரரசின் படையே இதற்கு விடை காணாமல் தடுமாறியிருக்கிறது.

அதற்கும் முந்திய காலத்தில் காற்றை நிரப்பும் சிக்கலே இருக்கவில்லை. மலாய்க்காரர்களின் ‘சும்பித்தான்’ என்னும் ஊதுகுழல் கடல் கடந்து தமிழுக்கு வந்து ‘சுங்குத்தான்’ ஆயிற்று. நீண்ட குழலில் சிறு அம்பையோ களிமண் உருண்டையோ இட்டு ஊதிப் பறவை அடிப்பார்கள். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சொல்லோடு பொருளும் கப்பலேறி வந்த கதைகளில் இது ஒன்று; நம் இலக்கிய நண்பர்கள் யாரேனும் இதை விரித்து எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது ஒரு கணக்குதான். மனித நுரையீரல் முக்கி ஊதினாலும் ஒரு ‘பார்’ அழுத்தத்தில் பத்திலொரு பங்கு அளவே எழும்பும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எந்திரம் வேண்டும்.

அந்த எந்திரத்தோடு போர்க்களம் போனது ஆஸ்திரியப் படை. திரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தொலொமேயோ ஜிரார்தோனி என்ற கொல்லர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கி 1780 வாக்கில் அப்படையில் சேர்க்கப்பட்டது. அதன் பின்கட்டையே காற்றுக்கலம். பக்கவாட்டுக் குழாயில் இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள். வெடிமருந்துத் துப்பாக்கிக்காரன் ஒரு முறை சுட்டு, மருந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி, மறுபடி குறிபார்ப்பதற்குள் ஜிரார்தோனிக்காரன் பல குண்டுகளை அனுப்பிவிடுவான். புகை இல்லை, தீப்பொறி இல்லை. மழையில் நனைந்து போக மருந்தும் இல்லை. இவ்வளவு நல்ல கருவி 1815 வாக்கில் படையிலிருந்தே மறைந்துபோனது.

காரணம் துப்பாக்கியின் குண்டு செல்லும் பக்கத்தில் இல்லை. காற்று நிரப்பும் பக்கத்தில் இருந்தது. கலத்தை முழுதாக நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்கவேண்டும். அவ்வளவு அடித்தும் எட்டியது 55 ‘பார்’ அளவே. இரும்புத் தகட்டை வளைத்து, ஆணியறைந்து பற்றவைத்த கலங்கள் எளிதில் கசிந்தன. சுடத் தெரிந்தவன் கிடைத்தான். பழுது பார்க்கத் தெரிந்தவன் கிடைக்கவில்லை. பெரிய பம்புகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயும் பார்த்தார்கள். இத்துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வேகத்தைப் புகழ்ந்துவிட்டு இந்த 1,500ஐ ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நமக்கு அந்த எண்ணே வரலாற்றின் மையமாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தேடிப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அது ஜிரார்தோனி வகையே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். 1803 ஆகஸ்ட் 30ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு தீவில் இறங்கி அதைச் சுட்டுக் காட்டினார். பிறகு வாங்கிப் பார்த்த ஒருவர் கைதவறிச் சுட்டுவிட, நாற்பது கஜத்துக்கு அப்பால் நின்ற பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கிழித்துச் சென்றது குண்டு. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். புகழ்பெற்ற அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு இந்த விபத்தோடுதான் தொடங்குகிறது. காற்றுத் துப்பாக்கியை விளையாட்டுப் பொருள் என்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தருவது எட்டு அல்லது பத்து ‘பார்’. துப்பாக்கிக்கு வேண்டியது அதைப்போல் இருபது, முப்பது மடங்கு. மோட்டாரைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றும். போதாது, இடையே வெப்பம் வந்து நிற்கிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறியாதவர் இல்லை. 30 டிகிரிக் காற்றை வெப்பம் வெளியேற விடாமல் ஒரே அமுக்கில் 200 ‘பார்’ அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கணக்குப்படி அது ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். தென்கிழக்காசியக் காட்டுவாசிகள் சிறு குழலுக்குள் பிஸ்டனைக் குத்திப் பஞ்சில் தீ மூட்டியதும் இந்த வெப்பத்தால்தான். டீசல் எஞ்சின் தீப்பொறியின்றி எரிவதும் இதனால்தான். ஆகவே உயரழுத்தக் கம்ப்ரசர் படிப்படியாக அமுக்குகிறது. பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்கு, ஒவ்வொரு படிக்கும் இடையில் ஆறவைத்து. எத்தனை படிகள், எப்படி ஆறுகிறது என்பதே வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் அதற்குப் பிறகு.

அடுத்தது தண்ணீர். கடலோரம் நம் பகுதியில் காற்றே ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் இருக்கும். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 ‘பார்’ வரை நிரப்ப ஏறக்குறைய இரண்டு கனமீட்டர் காற்று உள்ளே போகவேண்டும். அதனோடு நாற்பது மில்லிக்கும் மேல் தண்ணீர் வரும். பிரித்தெடுக்கும் அறையும் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியும் இல்லையென்றால் அது சிலிண்டரின் உட்சுவருக்கும் துப்பாக்கியின் வால்வுக்கும் போய்ச்சேரும். இராஜஸ்தானத்தில் ஒருவர் பல ஆண்டு சிக்கலின்றி ஓட்டிய எந்திரம் பாகூரில் ஒரே மழைக்காலத்தில் துருவைத் தந்தால் வியப்பில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பத்து மீட்டர் இலக்குச் சுடுதலுக்கு மட்டும் பயில்கிறவருக்குக் கம்ப்ரசரே வேண்டாம். அந்த வகைத் துப்பாக்கியின் கலம் 200 மில்லி அளவென்று கொள்வோம். 100 ‘பார்’ அளவுக்குக் குறைந்ததை 200க்கு உயர்த்தத் தேவைப்படுவது வெறும் 20 லிட்டர் காற்று. மூன்று படிக் கைப்பம்பு அதைச் செய்துவிடும். ஒரு போட்டிக்கு அறுபது குண்டுகள். ஒரு நிரப்பல் பலநாள் பயிற்சிக்கு வரும். ஜிரார்தோனியின் வீரனுக்கு வாய்க்காத நிம்மதி இது. அடித்த பின் பம்பை ஆறவிடவேண்டும், நீரை வடிக்கவேண்டும், அவ்வளவே.

பெரிய சிலிண்டர் ஒன்றை வைத்துப் பலர் பகிர்ந்துகொள்வதானால் கதை வேறு. புதுச்சேரியில் ஆழ்கடலில் மூழ்கப் பயிற்றுவிக்கும் மையங்களில் 200 ‘பார்’ அளவிலான உலர்ந்த காற்றை நிரப்பும் பெரிய எந்திரங்கள் உண்டு. இசைந்தால் அங்கேயே நிரப்பிக்கொள்வது மலிவும் பாதுகாப்பும். கார் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர்கள் துப்பாக்கியை நேரடியாக நிரப்ப ஏற்றவை. பெரிய சிலிண்டரில் மாட்டினால் விரைவில் தேய்ந்துபோகும். வாளித் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிரும் வகை 1.8 கிலோவாட் அளவில் வருகிறது. அதற்குத் தனி 15 ஆம்பியர் இணைப்பும், கோடையில் தாழாத மின்னழுத்தமும் வேண்டும். வாளி நீர் சூடேறினால் நிறுத்திவிடுவது நல்லது. தானாக நிற்கும் அமைப்பும், அழுத்தம் மிஞ்சினால் உடைந்து காற்றை வெளியேற்றும் காப்புத் தகடும் இல்லாத எந்திரத்தை விலை கருதி வாங்கக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கிராமத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் 150 ‘பார்’ அளவில் கண்ணெதிரே நிற்கும். அதிலிருந்து நிரப்பிக்கொள்ளும் எண்ணமே கூடாது. அந்த அழுத்தத்து ஆக்சிஜனில் துளி எண்ணெயோ கிரீஸோ பட்டால் கலம் கையிலேயே வெடிக்கும். சாதாரணக் காற்றிலும் பெட்ரோலிய எண்ணெயை வால்வில் இடலாகாது. சிலிக்கோன் கிரீஸ்தான் வழக்கம்.

சட்டமும் இதில் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 4.5 மி.மீ.க்கு மிகாத குழல் விட்டமும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை, மிஞ்சினால் வேண்டும். அரை லிட்டருக்கு மேற்பட்ட சிலிண்டர் எரிவாயு உருளை விதிகளுக்குள் வந்துவிடும். ஆகவே ஒப்புதல் முத்திரையும் காலமுறைச் சோதனையும் அவசியம். பாகூர் ஏரிக்கும், 2008இல் பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரிக்கும் இந்தத் துப்பாக்கியோடு போகவேண்டாம். சுங்குத்தான் காலத்துப் பழக்கம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

இலக்கை நோக்கிச் சுடுவோருக்கு இந்த மண்ணில் முன்மாதிரிகள் உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது பக்கத்துக் கடலூரில். (தந்தை பெயர் எங்கிருந்து வந்ததென்று குறள் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) அவர்கள் சுடும் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அத்தகைய போட்டிகளில் காற்றுச் சிலிண்டரின் ஆயுள் பத்தாண்டு மட்டும். செல்லுபடியாகும் நாள் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய துப்பாக்கி வாங்குவோர் குழலைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பார்க்கட்டும்.