லத்தியோடு நின்ற துக்காராம்

சாத்தாராவிலிருந்து மேடா வழியாக மகாபலேஷ்வர் போயிருக்கிறீர்களா? அந்த வழியில் வருவது ஜாவளி தாலுக்கா. கேடம்பே என்ற சின்ன கிராமம் அதில்தான் இருக்கிறது. துக்காராம் ஓம்ப்ளே அந்த ஊர்க்காரர்.

சாத்தாரா பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. அப்ஷிங்கே என்ற ஊரை 'அப்ஷிங்கே மிலிட்டரி' என்றே சொல்வார்கள். துக்காராமும் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து, நாயக்காக ஓய்வு பெற்றவர்தான். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் உட்காரவில்லை. 1991-ல் மும்பை போலீசில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். 2008-ல் உதவி சப்-இன்ஸ்பெக்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஏட்டய்யாவுக்கு மேலே, எஸ்.ஐ.க்குக் கீழே. பேப்பரில் பெயர் வராத பதவி.

2008 நவம்பர் 26 இரவு உங்களுக்கு நினைவிருக்கும். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சுட்டுவிட்டு, ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்டே, விஜய் சலஸ்கர் மூவரையும் கொன்றுவிட்டு, இரண்டு பேர் ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கிர்காம் சௌபாத்தி தடுப்பில் கார் சிக்கியது. இஸ்மாயில் கான் சுடப்பட்டான். கசாப் ஏகே-47-ஐத் திருப்பியபோது, கையில் வெறும் லத்தியோடு நின்ற துக்காராம் பாய்ந்து துப்பாக்கிக் குழலையே பிடித்துக்கொண்டார். குண்டுகள் வயிற்றில் பாய்ந்தும் பிடியை விடவில்லை. அந்த நேரத்துக்குள் மற்ற போலீசார் கசாப்பை மடக்கிவிட்டார்கள்.

இதில் என்ன பெரிசு என்கிறீர்களா? வந்த பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டது அவன் ஒருவன்தான். அவர்கள் இந்தியக் கல்லூரி மாணவர்கள் போலப் போலி அடையாள அட்டைகள் வைத்திருந்தார்கள். பத்துப் பேரும் செத்திருந்தால், யார் அனுப்பியது என்று காலம் பூராவும் வாய்ச்சண்டைதான் நடந்திருக்கும். முதலில் மறுத்த பாகிஸ்தான், 2009 ஜனவரியில் கசாப் தன் நாட்டவன்தான் என்று ஒப்புக்கொண்டது.

அதே மாதம் குடியரசு தினத்தில் துக்காராமுக்கு அசோக சக்ரா அறிவித்தார்கள். கசாப் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை முறைப்படி நடந்து, 2012 நவம்பர் 21 அன்று நம்ம புனே எரவாடா சிறையில் தூக்கோடு முடிந்தது.

மகாராஷ்டிராவில் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 2021-ல் 'ஐசியஸ் துக்காராமி' என்று அவர் பெயரையே வைத்தார்கள். பிள்ளைகளிடம் கதையை இந்தச் சிலந்தியிலிருந்து ஆரம்பியுங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு போலீஸ் என்றாலே மொழி தெரியாத இடத்தில் லைசென்ஸ் கேட்கும் ஆள்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது தடுப்புக்குப் பக்கத்தில் லத்தியோடு ஒருவர் நிற்பார் பாருங்கள், துக்காராமும் அப்படி நின்றவர்தான். இனி கண்ணாடியை இறக்கி 'நமஸ்கார் சாஹேப்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.