ஆற்காடு தந்த பெயர்

நம் தங்கவயலுக்கு அணித்தேயுள்ள பூதிகோட்டை ஐதர் அலி பிறந்த ஊர் என்பதை அன்பர்கள் அறிவர். (பூதி என்பது திருநீறு, ஊர்ப்பெயரிலேயே சைவமணம் கமழ்கின்றது!) ஆயினும் அவர்தம் மைந்தருக்குப் பெயர் வாய்த்த வரலாற்றை அறிந்தார் சிலரே.

ஐதரின் மனைவியார் பக்ருன்னிசா, மகப்பேறு வேண்டி, ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறைநேசரின் தர்காவுக்குச் சென்று நேர்ந்துகொண்டார் என்பர். 1750இல் தேவனஹள்ளியில் மகன் பிறந்தான். தாயின் நேர்த்திப்படி திப்பு என்றும், பாட்டனார் பத்தே முகம்மதுவின் நினைவாகப் பத்தே அலி என்றும் பெயரிட்டனர். ஆங்கிலேயரை நடுங்கவைத்த அப்பெயர் நம் தமிழகத்து ஆற்காட்டினின்றும் சென்றதே.

1880க்குப் பின் சுரங்கவேலைக்கென வடஆற்காட்டிலிருந்து இங்கு வந்த நம் முன்னோரும் இவ்வாறே செய்தனர்: குலதெய்வத்தின் பெயர், இன்றேல் பாட்டன் பாட்டியின் பெயர்.

எம் இளைய மகளுக்கு யாம் நாகரிகப் பெயரொன்றைத் தேர்ந்தபோது, "ஊரைத்தான் விட்டோம், பச்சையம்மனையுமா விடவேண்டும்?" என்று எம் அன்னையார் கண்கலங்கினார். ஒரு வாரம் இல்லத்தில் பேச்சில்லை. முடிவில் பதிவேட்டில் எம் விருப்பமே ஏறிற்று. பாட்டி அழைப்பதோ இன்றளவும் பச்சையம்மா என்றே; குழந்தையும் அதற்கே விரைந்து ஓடுகின்றாள்.