வெறுங்காலும் வெற்றியும்

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள். ரோம் நகரில் ஒலிம்பிக் மராத்தான் ஓட்டம் இரவு வேளையில் தீவட்டி வெளிச்சத்தில் முடிவுற்றது. 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முதலாவதாக வந்தார் அபேபே பிகிலா. எத்தியோப்பிய மன்னரின் மெய்க்காவல் படைவீரர் அவர். அந்நாட்டுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம்.

காலணி அணியாததுதான் வெற்றிக்குக் காரணமா? சற்று ஆராய்வோம்.

நெடுந்தூர ஓட்டம் குடும்ப வரவு செலவு போன்றது. மூச்சில் பெறும் பிராணவாயு வரவு; ஒவ்வோர் அடிக்கும் ஆகும் சக்தி செலவு. வரவு ஒன்றாயிருக்கும் இருவரில் சிக்கனமாய் ஓடுபவரே முந்துவார். ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் எடை கூடினால் செலவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று கூடும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பிகிலாவுக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால், வெறுங்காலில் ஓடினால் தரையின் அதிர்வைத் தசைகளே தாங்க வேண்டும். அதற்கும் சக்தி செலவாகும். மெத்தென்ற, இலேசான காலணி அச்செலவைக் குறைக்கும்.

1964இல் டோக்கியோவில் அதே பிகிலா காலணி அணிந்து ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார்!

மெலிந்த கால்கள், வீணாகத் துள்ளாத நடை, சீரான வேகம், பல்லாண்டுப் பயிற்சி ஆகியவையே சிக்கனத்தின் வேர்கள். ஆகவே, விலையுயர்ந்த காலணி இல்லையே என்று நம் பிள்ளைகளின் ஓட்டத்தை நாம் நிறுத்த வேண்டாம். வெறுங்காலே போதும் என்று காலணியை மறுக்கவும் வேண்டாம். பயிற்சியைத் தொடரச் செய்வோம்.