அரசின் மூன்று துறைகளைக் கற்பித்தல் (திருகோணமலை)

சட்டம் ஆக்குவது, நிறைவேற்றுவது, வழக்கில் தீர்ப்பது ஆகிய அதிகாரங்கள் ஒரே கையில் சேராமல் ஒன்றையொன்று தடுத்துச் சமப்படுத்தும் முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கும் பாடம். இலங்கையில் இது குடியியற் கல்வியில் வருகிறது. மாணவர் பாராளுமன்றம் அதன் செய்முறை.

கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு ஜனாதிபதி, பாராளுமன்றம், நீதிமன்றம் என்று எழுதுவது எளிது. 1978 அரசியலமைப்பு அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. அமைச்சர்கள் பாராளுமன்றத்திலேயே இருக்கிறார்கள். 4ஆம் உறுப்புரைப்படி நீதி அதிகாரத்தையும் பாராளுமன்றமே நீதிமன்றங்கள் ஊடாகச் செலுத்துகிறது. வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வரைவதே நேர்மை.

திருகோணமலையில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2018 நவெம்பர் 9இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். வழக்குக்குப் போனவர்களில் ஒருவர் அப்போது இந்த மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தன். நாலரை ஆண்டு முடியுமுன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் தீர்மானம் இல்லாமல் கலைத்தது செல்லாது என்று டிசெம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பார்கள்) 7 நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்த்தார்கள்.

இன்னோர் உதாரணம் சிக்கலானது. 1988இல் ஜனாதிபதியின் பிரகடனத்தால் இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்குத் திருகோணமலையே தலைநகராக இருந்தது. அந்த இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் சொன்னது. 2007 ஜனவரி 1இல் மாகாணங்கள் பிரிந்தன. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் இதை வீட்டில் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள். அந்த வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேசாமலிருப்பது நல்லது.