பாவு முதல் ராக்கெட் வரை

ஒரு பட்டுப்புடவை தறிக்கு வருமுன் எத்தனை வேலைகள் முடிய வேண்டும் என்பதை ஆரணி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. பட்டுக்குச் சாயம் ஏறும்போதே ஜக்கார்டு அட்டைகளை வெட்டிவிடலாம். ஆனால் பாவு வந்து சேராமல் பழைய இழையோடு புது இழையைப் பிணைக்க முடியாது. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்னும் கணக்கு நம் நெசவாளரின் மனத்திலேயே இருக்கிறது.

ஆயிரக்கணக்கானோர் கூடிச் செய்யும் பணிக்கு மனக்கணக்கு போதாது. ஆகவேதான் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958ல் 'பெர்ட்' என்னும் வலைப்படத் திட்டமுறையை வகுத்தது. எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்பதை அது காட்டிவிடும். உலகெங்கும் அதன் புகழ் பரவிற்று. எனினும் ஹார்வி சபோல்ஸ்கி என்னும் ஆய்வாளர் 1972ல் வெளியிட்ட நூலில், ஏவுகணையைச் செய்து முடிக்க உதவியதைவிட, வெளியார் குறுக்கீட்டைத் தடுக்கவே பெர்ட் பெரிதும் உதவியது என்று காட்டினார். சுவரில் தொங்கும் வரைபடத்தைக் கண்டு வாய்மூடி நிற்பவர் எந்த நாட்டில்தான் இல்லை!

நம் நாட்டு எஸ்.எல்.வி-3 ராக்கெட்டில் 44 பெரும் அமைப்புகளும் 250க்கு மேற்பட்ட உட்பகுதிகளும் இருந்தன. முறையான அட்டவணையின்றி இவற்றை ஒன்றுசேர்க்க எவராலும் இயலாது. திட்ட இயக்குநர் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், புறப்பட இன்னும் சில விநாடிகளே இருக்கையில், கணினி 'நிறுத்து' என்றது. கசிவு இருப்பினும் கையிருப்பு போதும் என்று நிபுணர்கள் கூற, கலாம் கணினியை மீறி ஏவ உத்தரவிட்டார். இதைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் கூறினார். இரண்டாம் அடுக்கு நிலைதடுமாறி, 317 விநாடிகளில் பயணம் முடிந்தது. மிச்சம் வங்கக் கடலில் விழுந்தது.

வால்வு ஒன்றில் புகுந்த மாசினால் அது மூடாமல் போக, இரண்டாம் அடுக்கைத் திருப்பும் கருவிக்கான நைட்ரிக் அமிலம் புறப்படுமுன்பே வடிந்துவிட்டதென விசாரணையில் தெரிந்தது. அந்த மாசு எந்த அட்டவணையிலும் இல்லை. கணினியோ தன் கடமையைச் செய்தது. அதன் சொல்லைக் கேட்பதா, தள்ளுவதா என்பதை மனிதரே முடிவு செய்தனர்.

அன்று பத்திரிகையாளர் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ல் ராக்கெட் ரோகிணியை விண்ணில் சேர்த்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார்.