அமைதி விலைக்கு வந்த கதை

மனிதனுக்குக் கவலை என்று உண்டாயிற்றோ, அன்றே அதை மறக்க ஒரு வழியையும் அவன் தேடத் தொடங்கிவிட்டான். கள்ளும் கஞ்சாவும் அபினியும் பழைய வழிகள். அவற்றை உபயோகித்தவனை ஊர் ஏசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியர்கள் கண்டுபிடித்த வழிகளுக்கு அந்த அவப்பெயர் இல்லை. சீட்டு எழுதிக் கொடுப்பவர் டாக்டர். வாங்குகிறவர் கௌரவமான குடும்பஸ்தர். விற்பது மருந்துக் கடை. இதில் யார் யாரை ஏசுவது?

நான் கதை எழுதிப் பிழைப்பவன். இரண்டு வருஷத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது. அங்கே கற்ற ரசாயனமும் பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆயினும் இந்த அமைதி மருந்துகளின் சரித்திரத்தைச் சில வருஷங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எந்த நாவலாசிரியனாலும் இதைவிட விசித்திரமாக ஒரு கதை கட்டிவிட முடியாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். ஒரே பாத்திரம் நான்கு முறை வேஷம் மாற்றிக்கொண்டு மேடைக்கு வருகிறது. நான்கு முறையும் சபையோர் கைதட்டுகிறார்கள்.

முதல் வேஷம் புரோமைடு. லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற டாக்டர் 1857ல் பொட்டாசியம் புரோமைடு வலிப்பு நோய்க்குக் கேட்கிறது என்று சொன்னார். பிறகு அது நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாவற்றுக்கும் மருந்தாயிற்று. உடம்பிலே மெல்ல மெல்லச் சேர்ந்து புத்தியையே மழுங்க அடிக்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

இரண்டாவது வேஷம் பார்பிட்யூரேட். 1903ல் ஜெர்மனியில் எமில் பிஷர், யோசப் பான் மெரிங் என்ற இருவர் அந்த வகையின் முதல் தூக்க மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு வெரோனால் என்று பெயர். 1912ல் லூமினால் வந்தது. இவற்றில் அளவு கொஞ்சம் மிஞ்சினால் தூக்கம் விடியாத தூக்கமாகிவிடும். நிறுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய சகாக்களும் அதைப் பரிசோதித்து 1950ல் வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கு மாதக்கணக்கில் மருந்தைக் கொடுத்துச் சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்புக் கண்டது, சித்தம் கலங்கியது. பழக்கம் என்பது வெறும் மனசின் பலவீனம் அல்ல, உடம்பிலேயே நடக்கிற ஒரு காரியம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே 1955ல் மூன்றாவது வேஷம் மேடையேறியபோது ஜனங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் நமக்கு விளங்குகிறது. பிராங்க் பெர்ஜர் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் பெனிசிலின் சம்பந்தமான ஆராய்ச்சியில் இருந்தபோது, ஒரு ரசாயனப் பொருளை ஊசி போட்ட எலிகள் விழித்தபடியே துவண்டு கிடப்பதைக் கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று அந்தப் பாதையிலேயே உழைத்து மெப்ரோபமேட் என்ற மருந்தை உண்டாக்கினார். நியூ ஜெர்ஸியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரையொட்டி அதற்கு 'மில்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். ஹாலிவுட் நட்சத்திரங்கள் அதை விழுங்கினார்கள். 'இன்று மில்டவுன் இல்லை; நாளை கிடைக்கும்' என்று மருந்துக் கடைகளில் பலகை மாட்டும் அளவுக்குக் கிராக்கி. மூன்று வருஷம் செல்வதற்குள், அதையும் சட்டென்று நிறுத்தினால் உடம்பு கிளர்ந்தெழுகிறது என்று மருத்துவப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அதற்குள் நான்காவது வேஷம் ஒப்பனை அறையில் தயாராகிக்கொண்டிருந்தது.

அதன் கர்த்தா லியோ ஸ்டெர்ன்பாக். 1908ல் அட்ரியாடிக் கடலோரத்து அபாட்ஸியா என்ற ஊரில் பிறந்த யூதர். போலந்தின் கிராக்கோ நகரில் ரசாயனம் படித்து, சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஹாப்மன் லா ரோஷ் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து, யுத்த காலத்தில், 1941ல், அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். நியூ ஜெர்ஸியில் நட்லி என்ற ஊரில் அவருடைய சோதனைச்சாலை. மில்டவுனுக்குப் போட்டியாக ஒரு மருந்து செய் என்றது கம்பெனி. வாலிபத்தில் கிராக்கோவில் சாயத்துக்காக ஆராய்ந்து பார்த்த ஒரு ரசாயனக் குடும்பத்தையே மறுபடி எடுத்துக்கொண்டு, சுமார் நாற்பது பொருள்களைச் செய்தார். ஒன்றுக்கும் வீரியமில்லை. வேறு வேலையைப் பார் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

1957ல் சோதனைச்சாலையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்டுப்போன ஒரு பொருள் கண்ணில் பட்டது. நன்றாகப் படிகமாகியிருக்கிறதே, தூக்கி எறிவானேன் என்று லோவெல் ராண்டல் என்பவரிடம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960ல் 'லிப்ரியம்' என்ற பெயரோடு கடைக்கு வந்தது. அதன் தம்பி 'வேலியம்' 1963ல் பிறந்தது. லத்தீன் மொழியில் 'திடமாக இரு' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயராம். பென்ஸோடயஸிபைன் என்ற பெரிய குடும்பம் இப்படி உண்டாயிற்று.

இந்த மருந்துகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பார்பிட்யூரேட்டைப் போல் இவை தனியாக எளிதில் உயிரைக் குடிப்பதில்லை. வலிப்பை நிறுத்துகின்றன, ஆபரேஷன் மேஜையில் பயத்தைத் தணிக்கின்றன, குடியை விட்டவனின் நடுக்கத்தை அடக்குகின்றன. சில நாட்களுக்கு இவற்றுக்கு ஈடு கிடையாது. கஷ்டமெல்லாம் அந்தச் 'சில நாட்கள்' சில வருஷங்களாக நீளும்போதுதான். அமெரிக்காவில் 1969 முதல் 1982 வரை வேலியத்தைப் போல் வேறு எந்த மருந்தையும் டாக்டர்கள் எழுதித் தரவில்லை. 1978ல் மட்டும் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன. வாங்கியவர்களில் பெண்களே அதிகம். குழந்தையும் அடுப்பும் பொழுதும் ஒருத்தியை அழுத்தினால், அவற்றைத் தொடாமல் அவளை மட்டும் சமாதானப்படுத்த ஒரு மாத்திரை! 1966லேயே ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பாட்டுக் கோஷ்டி அந்த இல்லத்தரசிகளைப் பற்றி ஒரு பாட்டுப் பாடிவிட்டது.

இனி, கதையில் என்னைத் தூங்கவிடாத இடத்துக்கு வருகிறேன். லிப்ரியம் கடைக்கு வந்த மறு வருஷமே, 1961ல், லியோ ஹாலிஸ்டர் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 36 நோயாளிகளுக்கு மாதக்கணக்கில், வழக்கத்தைவிடப் பல மடங்கு, அதைக் கொடுத்திருந்தார். அவர்களில் 11 பேருக்குத் திடீரென்று மருந்தை நிறுத்தி, வெறும் மாத்திரையைக் கொடுத்தார். 10 பேருக்குப் புதிதாகத் தொந்தரவுகள் தோன்றின. இரண்டு பேருக்கு வலிப்பே வந்துவிட்டது. விஷயம் அன்றே அச்சில் ஏறிவிட்டது. எனினும் 1980ல் பிரிட்டனின் மருந்துப் பரிசீலனைக் குழு என்ன எழுதியது தெரியுமா? 1960 முதல் 1977 வரை அந்த நாட்டில் இந்த மருந்துகளுக்கு அடிமையானவர்கள் 28 பேர் என்று மதிப்பிட்டது! கோடிக்கணக்கில் மாத்திரை விற்ற தேசத்தில் இருபத்தெட்டே பேர்!

அவர்கள் எல்லோரும் பொய்யர்களா? அல்ல. ஹாலிஸ்டர் கொடுத்தது பெரிய அளவு, நாம் கொடுப்பது சிறிய அளவு என்பது ஒரு சமாதானம். அதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று இருந்தது. பயத்துக்காக மருந்து சாப்பிட்டவன் அதை நிறுத்துகிறான். மூன்றாம் நாள் பயம் வருகிறது. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "பழைய வியாதி திரும்பிவிட்டது, மருந்தை மறுபடி ஆரம்பி" என்பார்கள். ஆரம்பித்ததும் பயம் போகிறது. மருந்து எவ்வளவு அவசியம் என்பதற்கு அதுவே அத்தாட்சி ஆகிவிடுகிறது. குற்றவாளியே சாட்சிக் கூண்டில் ஏறித் தனக்கு நற்சாட்சி சொல்லிக்கொள்ளும் வழக்கு இது.

இந்த வழக்கை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. என் அக்காவுக்கு அத்திம்பேர் காலமான வருஷம் ஒரு டாக்டர் லோரஸிபாம் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கென்று தொடங்கியது பதினொரு வருஷம் ஓடியது. ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த மருமான், "இதெல்லாம் பழக்கமாகிவிடும் அம்மா, இன்றோடு விட்டுவிடு" என்று மாத்திரைப் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனான். தாயாரிடம் உள்ள பிரியத்தால் செய்த காரியம்தான். மூன்றாம் நாள் அக்காவின் கை காபி டம்ளரைப் பிடிக்கவில்லை. குழல் விளக்கைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கச் சொன்னாள். இரவு முழுதும் கூடத்தில் நடந்தாள். வந்து பார்த்த உறவினர்கள் அத்தனை பேரும், "பாவம், பழைய பயம் திரும்பிவிட்டது" என்றே சொன்னார்கள்.

அக்காதான் சொன்னாள்: "இல்லேடா, அப்போ எனக்குப் பயமாத்தான் இருந்தது. குக்கர் விசில் அப்போ வலிக்கலையே!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் சரித்திரம் படிக்கத் தொடங்கினேன். லண்டனில் பெட்டுர்சன், மால்கம் லேடர் என்ற இருவர் 1981ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அக்கா சொன்னது அச்சாக இருக்கிறது. சாதாரண அளவிலேயே நெடுநாள் இம்மருந்துகளைச் சாப்பிட்ட 16 பேருக்கு அதை விலக்கிப் பார்த்தார்கள். பதினாறு பேருக்குமே ஏதோ ஒரு விதத்தில் அவஸ்தை ஏற்பட்டது. அதில் வெளிச்சம் கண்ணைக் குத்துவதும், சத்தம் காதை அறைவதும் இருந்தன. அவை பழைய வியாதியில் இல்லாதவை. இல்லாத ஒன்று எப்படித் 'திரும்பி' வர முடியும்? மயக்கத்தின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

அதற்குக் காரணமும் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. மூளையில் இந்த மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை 1977ல் டென்மார்க்கிலும் பாஸலிலும் கண்டுபிடித்தார்கள். மூளைக்குள் காபா என்றொரு பொருள் பிரேக் போல வேலை செய்கிறது. மருந்து அந்த பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கிறது. வருஷக்கணக்கில் இப்படி ஒருவர் உதவிக்கு நின்றால், மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர விட்டுவிடுகிறது. உதவி திடீரென்று விலகினால் வண்டி மலைச்சரிவில் ஓடுகிறது. பிரேக் மறுபடி இறுகும். ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும்.

அந்த அவகாசத்தைக் கொடுக்கக் கற்றவர் ஹெதர் ஆஷ்டன் என்ற பெண்மணி. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு மருத்துவசாலை நடத்தினார். சுமார் 300 பேர் வந்தார்கள். தமக்குப் பாடம் சொன்னவர்கள் அவர்களே என்று அவர் எழுதியிருக்கிறார். அவருடைய முறை மிக எளிது. சீக்கிரமாக உடம்பை விட்டுப் போய்விடும் மருந்தானால், அதை மெதுவாகக் கழியும் டயஸிபாமுக்கு மாற்றுவது. பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைப்பது. வேகத்தை நோயாளியே நிர்ணயிப்பது. ஒரு வருஷமானாலும் பாதகமில்லை. 1999ல் இதை ஒரு சிறு கையேடாக எழுதினார். 2019ல் அவர் காலமானார்.

அரசாங்கங்கள் வழக்கம்போல் பின்னால் வந்தன. அமெரிக்காவில் பார்பரா கார்டன் என்ற டெலிவிஷன் தயாரிப்பாளர், வேலியத்தைச் சட்டென்று நிறுத்தி மனநோய் ஆஸ்பத்திரி வரை போன தம் கதையை 1979ல் புத்தகமாக எழுதினார். அதே வருஷம் செனட்டர் எட்வர்ட் கென்னடி விசாரணை நடத்தினார். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டன் 1988ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை விட்டது. அமெரிக்க அரசு இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கையில் பழக்கத்தையும் விலகும் துன்பத்தையும் சேர்த்தது 2020 செப்டம்பரில். ஹாலிஸ்டரின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 59 வருஷங்கள்! நம் நாட்டில் 2014 மார்ச்சிலிருந்து அல்பிரஸோலாம், டயஸிபாம் முதலியவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனி நோட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம்.

அக்காவுக்கு வேறொரு டாக்டர் மருந்தை மறுபடி ஆரம்பித்து, பிறகு பதினான்கு மாதங்களில் படிப்படியாகக் குறைத்தார். தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் அரை, கால், அரைக்கால் என்று அவள் எழுதி வைப்பாள். நடுவில் இரண்டு முறை ஒரு படியிலேயே ஒரு மாதம் நின்றாள். இறங்கிய படியை மறுபடி ஏறவில்லை. இன்று மாத்திரை இல்லை. ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். "அது போதும்" என்கிறாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. என் மருமான் செய்ததும் அதுதான்; இஸ்பெல் 1950ல் காட்டியதும் அதன் பலன்தான். டாக்டரிடம் போய், "மெதுவாகக் குறைக்க வேண்டும், உதவி செய்யுங்கள்" என்று கேளுங்கள். குறைக்கும்போது அவஸ்தை வந்தால் வெட்கப்படாதீர்கள். அது கோழைத்தனமும் அல்ல. பைத்தியத்தின் அறிகுறியும் அல்ல. நெடுநாள் சும்மா இருந்த ஓர் உறுப்பு மறுபடி வேலைக்கு வரும்போது முனகுகிற முனகல். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர்களை அவசரப்படுத்தாதீர்கள், "எல்லாம் மனப் பிரமை" என்று தள்ளியும் விடாதீர்கள். எது பழைய பயம், எது புதிய வலி என்பதைச் சாப்பிட்டவர்களே அறிவார்கள். விஞ்ஞானம் அவர்களைக் காதுகொடுத்துக் கேட்க இருபது வருஷம் எடுத்துக்கொண்டது. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.